மூன்று தேறின

சாண்டா கிளாராவில் அப்போது
நிலத்தின் விலையை மரக்கணக்கில்தான் சொன்னார்கள்.
டோலிவரும் உருட்டியாவும் வாடகைக்குப் பிடித்தது
ஓர் உலர்பழக் கிடங்கு.
தரையெல்லாம் சர்க்கரைப் பிசுக்கு.
எறும்பை விரட்டவே இரண்டு வாரம்.
பிறகு உலை வந்தது.
உலைக்குப் பின்னால் கடன் வந்தது.

டியோலிண்டா பெட்டன்கோர்ட்
எதிர்த்தெரு டப்பா ஆலையில்
பீச் பழத்தில் அழுகல் பார்த்தவள்.
உருட்டியா கேட்டது ஒரே கேள்வி:
"நிமிஷத்துக்கு எத்தனை பழம்?"
"எண்பது. தூக்கம் வந்தால் எழுபது."

மறுநாள் அவள் முன் ஒரு நுண்ணோக்கி,
சின்ன அப்பளம் போல ஒரு சிலிக்கான் வட்டு,
அதில் கட்டங்கட்டமாக நூற்றுப் பன்னிரண்டு சிப்.
ஊசி தொட்டுப் பார்க்கும்.
உயிர் இல்லாவிட்டால்
ஒரு சொட்டுக் கறுப்பு மை.
கண்ணேறு கழிக்கும் பொட்டு அல்ல இது.
கண் பட்ட பிறகு வைப்பது.

முதல் வட்டில் நூற்று ஒன்பது பொட்டு.
மூன்று தேறின.
அந்த மூன்றையும் மனைவியின் மோதிரப் பெட்டியில் வைத்து
டோலிவர் விமானம் ஏறினார்.
கால்குலேட்டர் கம்பெனிக்காரர்
ஆயிரம் வேண்டும், ஜூனுக்குள், என்றார்.
தருகிறோம் என்றார் இவர்.
மீதி எங்கே என்று அவர் கேட்கவில்லை,
இவரும் வாய் திறக்கவில்லை.

வளர்ந்ததை விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.
கார் நிறுத்த இடம் போதாமல் போனது.
மோதிரப் பெட்டி வரவேற்பறைக் கண்ணாடிக்குள் போனது.
அப்பளம் பூரியானது.

ஜூலைதான் யாருக்கும் புரியவில்லை.
ஒவ்வொரு ஜூலையிலும் பாதி செத்தது.
தண்ணீரைச் சந்தேகித்தார்கள்,
அமிலத்தை, குழாயை,
கடைசியில் பெண்களின் முகப்பவுடரை.
பவுடருக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள்.
மூன்றாம் ஜூலையில் டியோலிண்டா சொன்னாள்:
"காற்று வேலிப்பக்கமிருந்து வருகிறது."

வேலிக்கு அந்தப் பக்கம்
வுகசோவிச்சின் ஏப்ரிகாட் தோப்பு.
பழத்தைப் பிளந்து தட்டில் பரப்பி
நிறம் கெடாதிருக்கக்
கந்தகப் புகை போடும் மாதம்.

சிரித்தார்கள்.
பிறகு அளந்தார்கள்.
பிறகு தோப்பையே வாங்கினார்கள்.
ஒன்பது நாளில் நானூறு மரம்.
கையெழுத்துப் போட்ட உருட்டியா
வெளியே போய்
நின்றுகொண்டே ஏழு பழம் தின்றார்;
எட்டாவதைப் பையில் போட்டுக்கொண்டார்.
டியோலிண்டாவுக்கு ஐம்பது டாலர்,
ஒரு பாராட்டுச் சான்றிதழ்.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

எண்பத்தைந்தில் காற்று
கடல்பக்கமிருந்து வந்தது.
கியூஷூ தீவில் செய்த வட்டு ஒன்றை
எப்படியோ கொண்டுவந்து
அவள் மேசையில் வைத்தார் உருட்டியா.
ஒரு மணி நேரம் பார்த்தாள்.
மைப்புட்டியின் மூடியைத் திறந்தாள்,
மூடினாள்.
"இதில் எனக்கு வேலை இல்லை" என்றாள்.

மார்ச்சில் ஒரு மெமரி சிப் மூன்று டாலர்.
ஆகஸ்டில் ஐம்பது சென்ட்.
விற்றால் நட்டம்.
விற்காவிட்டால் அதைவிட நட்டம்.
மெமரியை விட்டுவிடுவோம் என்றார் டோலிவர்.
"நாம் பெற்றது" என்றார் உருட்டியா.
"பெற்றதுதான். இப்போது சோறு கேட்கிறது,
உலையில் ஒன்றுமில்லை."
அதற்குப் பிறகு இருவரும்
ஒரே கட்டிடத்தில் வேறு வேறு லிஃப்டில் ஏறினார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் மைக் கட்டி அறிவித்த காலையில்
உருட்டியா அங்கே இல்லை.
உள்ளே, மூன்றாம் உலையைத் தானே அணைத்துவிட்டு
ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.
ஆற இரண்டு நாள் ஆகும்.

கடைசி வட்டில்
நூற்றுக்கு எழுபத்தொன்பது தேறியது.
அந்தக் கட்டிடம் அதுவரை பார்க்காத எண்.
டியோலிண்டா பேரேட்டில் எழுதினாள்,
தேதி போட்டாள்,
கையுறையைக் கழற்றினாள்.

கதவருகே ஒட்டியிருந்த பட்டியலில்
அவள் பெயரும் இருந்தது,
அதே எழுத்துப் பிழையோடு.
இது நான் இல்லை என்று
சொல்லிப் பார்க்கலாமா என
ஒரு கணம் யோசித்தாள்.
பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது.